இரட்டையரில் இரண்டாமவர்

விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலையும், சிவகாசியில் பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலையும் ஒட்டி நடைபெறும் மெல்லிசைக் கச்சேரிகளில், பழைய பாட்டு ஒன்றைத் தொடங்குமுன் அறிவிப்பாளர் பக்தியோடு சொல்லும் வாசகம் ஒன்று சில ஆண்டுகளாக நிலைபெற்று வருகிறது. திரையிசை இரட்டையரான விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெட்டெல்லாம் விஸ்வநாதனுடையவை, ராமமூர்த்தி அவர் பக்கத்தில் இருந்து வயலின் வாசித்தவர் என்பதே அதன் சாரம். மேடையில் பிறந்த அபிப்பிராயம் மேடையோடு நின்றிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது தொலைக்காட்சியில் நுழைந்து, வாரப் பத்திரிகைகளின் நினைவஞ்சலிகளில் வேரூன்றி, ரசனை உள்ளவர்கள் என்று நாம் மதிக்கும் சிலராலும் ஆட்சேபமின்றி அங்கீகரிக்கப்பட்ட சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. 1952 முதல் 1965 வரை இருவர் பெயராலும் வெளிவந்த ஏறத்தாழ நூறு படங்களின் இசையை வரிசையாகக் கேட்டு வருபவர் முன் இந்தச் சித்தாந்தம் ஒரு கணமும் நிற்காது என்பது என் துணிபு.

இந்தப் பக்கத்துத் தொழிலோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டாசுக் கட்டின் மேல் ஒட்டிய லேபிளில் நடிகையின் முகம் வண்ண வண்ணமாக அச்சாகியிருக்கிறது. வாங்குகிறவர் அந்த முகத்தை அடையாளம் சொல்லியே வாங்குகிறார். ஆனால் சரம் நடுவில் அணைந்துவிடாமல், ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே காலம் பிசகாமல் வெடித்து முடிவது, திரியைக் கணக்கறிந்து பின்னியவரின் சாமர்த்தியத்தால் அல்லவா? சினிமாப் பாட்டுக்கு நாம் ஒட்டிய லேபிளில் நடிகர் இருக்கிறார், பாடகர் இருக்கிறார், கவிஞர் இருக்கிறார், மெட்டமைத்தவரும் இருக்கிறார். அந்த மெட்டுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வாத்தியங்கள் பேச வேண்டியதை நிர்ணயித்தவர் மட்டும் இல்லை.

பூர்வ சரித்திரத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1886இல் சிவகாசியில் பிறந்து, வள்ளி திருமணத்தில் முருகன் வேடம் தரித்தபடியே 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் உயிர் நீத்த எஸ்.எஸ்.விஸ்வநாததாஸின் காலத்துக் கலையில் குரலே சகலமும். ஆர்மோனியமும் மிருதங்கமும் குரலுக்கு ஊழியம் செய்தன. பேசும் படம் வந்த பிறகும் அந்தச் சம்பிரதாயம் நெடுங்காலம் மாறவில்லை. பாபநாசம் சிவனின் சாகித்தியங்களிலும், ஜி.ராமநாதனின் கம்பீரமான ராக உருவங்களிலும் வாத்தியக் கூட்டம் பெரும்பாலும் பாடகருக்கு மூச்சு விட அவகாசம் கொடுத்து விலகி நின்றது. சி.ஆர்.சுப்பராமன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தனக்கென ஒரு நாவைக் கொடுக்கத் தொடங்கியவர். அவருடைய குழுவில், பாலக்காட்டு எலப்புள்ளியிலிருந்து ஜூபிடர் படக் கம்பெனியின் எடுபிடி வேலை வழியாக எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் பயின்று வந்த விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் இருந்தார்; மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரரும், விஸ்வநாதனுக்கு ஆறு வயது மூத்தவருமான திருச்சிராப்பள்ளி ராமமூர்த்தி வயலினில் இருந்தார். 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைய, தேவதாஸ் உள்ளிட்டு அவர் விட்டுச் சென்ற வேலையை இருவரும் சேர்ந்து முடித்தார்கள். அவ்வாண்டே என்.எஸ்.கிருஷ்ணனின் பணம் என்ற படம் இருவர் பெயரையும் இணைத்து வெளிவந்தது. இளையவரின் பெயர் முன்னால் இருக்கட்டும், மூத்தவர் பின்னாலிருந்து தாங்கிக்கொள்வார் என்று கலைவாணர் யோசனை சொன்னதாக வழங்கும் கதை பிரசித்தம். வடக்கே சங்கர்–ஜெய்கிஷன் என்ற இரட்டைப் பெயர் 1949இன் பர்சாத் படத்திலிருந்து கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்த காலம் அது. அன்பினால் அமைந்த அந்தப் பெயர் வரிசையையே இன்று தகுதி வரிசையாக வாசிக்கிறோம்.

முதல் எட்டு ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். பாசவலையிலும் பதிபக்தியிலும் பட்டுக்கோட்டையாரின் எளிய சொற்களுக்கு ஏற்ற எளிய நடையைக் கண்டுபிடித்தார்கள், புதையலில் சி.எஸ்.ஜெயராமனின் கனத்த குரலைக் கடற்கரைக் காற்றில் மிதக்க வைத்தார்கள். கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்த மாலையிட்ட மங்கையிலும் சிவகங்கைச் சீமையிலும் நாட்டுப்பாங்கையும் நாடகப் பாங்கையும் மாறி மாறிப் பரீட்சித்தார்கள். மன்னாதி மன்னனில் லதாங்கி ராகத்தில் சௌந்தரராஜனையும் எம்.எல்.வசந்தகுமாரியையும் பாட வைத்து, சாஸ்திர ஞானம் தங்களுக்குக் குறைவில்லை என்று நிரூபித்தார்கள். எல்லாம் நல்ல வேலை; சில மிக நல்ல வேலை. ஆயினும் 1959இன் பாகப்பிரிவினை வரையில், இது அவர்களுடையது, பிறர் எவரும் செய்திருக்க முடியாது என்று சொல்லத்தக்க தனி முத்திரையை நான் காணவில்லை. கே.வி.மகாதேவனோ ஏ.எம்.ராஜாவோ அந்தப் படங்களில் சிலவற்றை அதே தரத்தில் செய்திருப்பார்கள்.

முத்திரை விழுந்தது 1961இல். அந்த ஓர் ஆண்டில் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், பாக்கியலட்சுமி. அடுத்த ஆண்டில் பார்த்தால் பசி தீரும், நெஞ்சில் ஓர் ஆலயம், போலீஸ்காரன் மகள், சுமைதாங்கி, படித்தால் மட்டும் போதுமா, வீரத்திருமகன். 1963இல் நெஞ்சம் மறப்பதில்லை, பார் மகளே பார், ஆனந்த ஜோதி, கற்பகம். எந்தத் தேசத்திலும் எந்த இரட்டையரும் மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய வரிசையைத் தந்தார்களென்று எவரேனும் எடுத்துக்காட்டினால் கேட்டு அறிந்துகொள்ளக் காத்திருக்கிறேன். பீம்சிங்கின் குடும்பக் கதைகளும், ஏ.எம்.ராஜாவை விட்டு இவர்களிடம் வந்த ஸ்ரீதரின் மென்மையான காதற் கதைகளும் இவர்களுக்கு ஒரே விஷயத்தைக் கோரின: அழுகையை அடக்கிச் சொல்லும் இசை. அந்த அடக்கம் மெட்டில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி எங்கே இருக்கிறது என்பதே என் வழக்கு.

பாசமலரில் அண்ணனும் தங்கையும் தாலாட்டும் பாட்டை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாத நிலையில், தனித்தனியே தத்தம் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். சௌந்தரராஜனின் குரலும் சுசீலாவின் குரலும் காட்சியில் சந்திப்பதில்லை. ஒரு குரல் ஓய்ந்த இடத்திலிருந்து மறு குரல் தொடங்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டு செல்வது வயலின் கூட்டம். அது பாட்டின் மெட்டைத் திருப்பிச் சொல்லாமல், இருவர் மனத்திலும் இருந்தும் இருவராலும் சொல்லப்படாத ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது. கதாசிரியர் எழுதாத, கவிஞர் எழுதாத அந்த வாக்கியத்தை எழுதியவர் எவரோ அவர் இந்தப் பாட்டின் ஆசிரியர்களில் ஒருவர். மெட்டை மட்டும் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தால் அருமையான தாலாட்டு கிடைக்கும். பிரிவின் துக்கம் கிடைக்காது.

நெஞ்சில் ஓர் ஆலயம் இன்னும் நுட்பமான சாட்சி. கதை முழுதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. பாட்டுக்கு மரமில்லை, மலையில்லை, நடனக் கூட்டமில்லை. கணவனின் சொல்லால் புண்பட்ட மனைவியாக சுசீலா பாடும் பாட்டில், ஒவ்வோர் அடிக்கும் பின்னே விடப்பட்ட இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வழக்கப்படி அங்கே புல்லாங்குழலோ சாரங்கியோ நுழைந்து துக்கத்தை நமக்கு விளம்பரம் செய்திருக்கும். இங்கே வாத்தியங்கள் தயங்கி நிற்கின்றன. பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடும் பாட்டிலும் அதே தயக்கம். நிறைய வாத்தியங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பேசாமல் இருக்கச் செய்யும் விவேகம், வாத்தியத்தை உள்ளிருந்து அறிந்தவருக்கே சித்திக்கும். சுமைதாங்கியில் அதே ஸ்ரீநிவாஸ் பாடும் ஆறுதல் பாட்டைக் கேட்டுத்தான், சினிமாவை விட்டு ஊர் திரும்ப நினைத்திருந்த தாம் சென்னையிலேயே தங்கிவிட்டதாகக் கவிஞர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அவரைத் தடுத்து நிறுத்தியதில் கண்ணதாசனின் சொல்லுக்கு முதற்பங்கு உண்டு. ஆனால் அந்தச் சொல்லை உபதேசமாக்காமல் நண்பனின் பேச்சாக்கிய மிதமான வாத்திய அமைப்புக்கும் பங்கு இல்லை என்று எவர் சொல்வார்?

பாக்கியலட்சுமியில் சந்திரகௌன்ஸ், பாவமன்னிப்பில் சைக்கிளின் ஓட்டத்தோடு வரும் சீழ்க்கை, போலீஸ்காரன் மகளில் ஜானகியும் ஸ்ரீநிவாஸும் தென்றலை அழைக்கும் பாட்டின் கிசுகிசுப்பு, பாசமலரின் கல்யாணப் பாட்டில் எல்.ஆர்.ஈஸ்வரியின் தடையற்ற உற்சாகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுத ஆசைதான். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். சாஸ்திரிய ராகம், இந்துஸ்தானி ஜாடை, மேற்கத்திய நடனத் தாளம், கிராமத்துக் குலவை ஆகிய நான்கும் இந்த மூன்றாண்டுப் பாட்டுகளில் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல் வளர்கின்றன. கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்ற உதவியாளர்களின் கல்வியும் அதற்குத் துணை. 1963 ஜூனில் திருவல்லிக்கேணியில் சிவாஜி கணேசன் கையால் வழங்கப்பட்ட விருது மெல்லிசை மன்னர்கள் என்று பன்மையில் அமைந்ததைச் சமகாலத்தவரின் சாட்சியமாகவே கொள்ள வேண்டும். அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அன்று ஐயம் எழவில்லை.

இந்த இசை எங்கள் கரிசல் பூமியை எவ்வாறு வந்தடைந்தது என்பதும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. இருவரும் சேர்ந்திருந்த காலத்தின் பெரும்பகுதி, 1954 முதல் 1963 வரை, விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்தப் பகுதிக் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. மின்சாரத்தின் பின்னாலேயே ரேடியோ செட்டும், புளியமரத்தில் கட்டிய கூம்புக் குழாயும் வந்தன. சடங்கு வீடு, கல்யாண வீடு, காதுகுத்து, கொடை எதுவானாலும் ரிக்கார்டு போடுகிறவர் முதல் நாள் மாலையே வந்து சேர்வார். பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும் எழுபத்தெட்டுச் சுழற்சி இசைத்தட்டு. அதற்குள் பல்லவி, சரணங்கள், இடையிசை எல்லாம் அடங்கியாக வேண்டும். கூம்புக் குழாயின் குணம் விசித்திரமானது: தாளவாத்தியத்தின் அடிநாதத்தை விழுங்கிவிடும், நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒலிக்கும் குரலையும் வயலினையும் நெடுந்தூரம் எறியும். மரமடர்ந்த ஊர்களில் அந்த ஒலி தடைப்படும். எங்கள் வெட்டவெளியில் தடையில்லை. ஆகவே சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே வயற்காட்டில் நின்றவர் காதில், சொல் விளங்குவதற்கு முன்பே வில்லின் இழைப்பு வந்து விழும். தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில் இலங்கை வானொலி பாடியது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் மின்கம்பி இழுக்க விதி இடம் கொடாதாகையால், அங்கே பாட்டு தூரத்துக் குழாயிலிருந்துதான் வர வேண்டும். இந்த ஜில்லாவின் பழைய ரசிகர்கள் பாட்டை அடையாளம் காண்பது பெரும்பாலும் தொடக்க இசையைக் கொண்டு. பல்லவிக்கு முன்பே பெயர் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அடையாளம் கண்டது எவருடைய கையெழுத்தை?

1964ஐ எல்லோரும் சிகரம் என்பார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. கர்ணனின் மகிமையை மறுப்பதற்கில்லை. பந்துலுவின் பிரம்மாண்டத்துக்கு ஏற்ப வட இந்திய வாத்தியங்களைக் கூட்டி, தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணை ஆனந்தபைரவியில் வழியனுப்பி, களத்தில் சாயும் வீரனுக்குச் சக்கரவாகத்தில் சீர்காழியின் குரலை நிறுத்திய அந்தக் கற்பனை அபூர்வமானது. காதலிக்க நேரமில்லை என்ற படத்தின் இளமையும் துள்ளலும் இன்றும் வாடவில்லை. புதிய பறவையின் பியானோப் பாட்டு நேர்த்தியின் எல்லை. ஆனால் அதே படத்தில் நிம்மதியைத் தேடி நாயகன் அலறும் பாட்டில், கணக்கற்ற வாத்தியங்கள் ஒரே நேரத்தில் கர்ஜிக்கும்போது, நெஞ்சில் ஓர் ஆலயத்தில் நான் வணங்கிய அடக்கம் விடைபெற்றுக்கொண்டதை உணர்கிறேன். வண்ணப் படம் வந்ததும் இசைக்கும் வண்ணம் பூச வேண்டுமென்ற ஆவேசம் வந்துவிட்டது. அவ்வாண்டின் உண்மையான ரத்தினம் கலைக்கோவில்: வீணைக் கலைஞனின் கதை, சிட்டிபாபுவின் வீணை, ஆபோகியில் பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும். படம் ஓடவில்லை. ஓடாத படத்தின் இசை நூலகத்துப் புத்தகத்தைப் போல் எடுப்பாரின்றிக் கிடக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம்.

1965இல் எங்க வீட்டுப் பிள்ளை, வெண்ணிற ஆடை, ஆயிரத்தில் ஒருவன். அத்தோடு இரட்டைப் பெயர் முடிந்தது. பிரிவின் காரணம் பற்றிய வதந்திகள் இசையை விளக்க மாட்டா. ஆகவே அவை எனக்கு வேண்டாம். பிரிவுக்குப் பின் இருவரும் செய்த வேலை விளக்கும். விஸ்வநாதன் தனியே செய்த கலங்கரை விளக்கம் முதல் அபூர்வ ராகங்கள், நினைத்தாலே இனிக்கும் வரையிலான நெடும் பயணத்தில் மெட்டின் ஊற்று வற்றவே இல்லை. தமிழில் அவரைப் போல் மெட்டுப் பெருக்கு உடையவர் பிறரில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்பவன் நான். ஆனால் 1966இன் அன்பே வா தொடங்கி, பாங்கோவும் எக்காளமும் முன்னால் வந்து நிற்க, தந்தி வாத்தியங்கள் திரைச்சீலையாகப் பின்னே தொங்கத் தொடங்குகின்றன. குரலோடு வாதிட்டு, குரலைத் தேற்றி, குரல் சொல்ல மறந்ததைச் சொன்ன அந்த இரண்டாவது பாத்திரம் மெல்ல மறைகிறது. சிவந்த மண்ணின் ஆரவாரத்தையும் பாலும் பழமும் படத்தின் ஆலயமணிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், இடையே ஒரு மனிதர் எழுந்து போயிருக்கிறார் என்பதை என் உதவியின்றியே அறிவார்.

எழுந்து போனவரின் கணக்கையும் பார்ப்போம். ராமமூர்த்தி தனியே இசையமைத்த படங்கள் சொற்பம்: சாது மிரண்டால், தேன்மழை, மறக்க முடியுமா, ஆலயம், நான், மூன்றெழுத்து, தங்கச் சுரங்கம், சங்கமம், காதல் ஜோதி முதலியன. மறக்க முடியுமாவில் சுசீலா பாடும் காகித ஓடப் பாட்டு, மு.கருணாநிதியின் வரிகளுக்கு அமைந்த இசைகளில் தலையாயது. வறுமையில் வாடும் குழந்தைகளின் துயரத்தை அலையின் அசைவாக மாற்றும் அந்தத் தந்தி வாத்திய நடையில் 1962இன் கை அப்படியே தெரிகிறது. அதே கை, நான் படத்தில் ஈஸ்வரியை வைத்து எத்தனை குதூகலமான பாட்டைத் தந்தது என்பதையும் மறக்கலாகாது. குறையும் உண்டு; அதை மறைப்பது விமர்சகனுக்கு அழகன்று. பல பாட்டுகளில் வாத்திய அமைப்பு மெட்டைவிடச் சிறந்திருக்கிறது. மாளிகை எழும்பிவிட்டது, குடியிருக்க வந்தவர் சாதாரணமானவர். விஸ்வநாதனுக்கு எவர் தேவைப்பட்டாரோ அவர் ராமமூர்த்தி என்றால், ராமமூர்த்திக்குத் தேவைப்பட்டவரும் விஸ்வநாதனே. இருவரின் தனிப் படங்களும் சேர்ந்து, கூட்டுப் படங்களின் ரகசியத்தை இவ்வாறு வெளிப்படுத்தும்போது, ஒருவரே எல்லாம் செய்தார் என்பது எப்படிப் பொருந்தும்?

மேல்நாட்டிலும் இந்த மயக்கம் உண்டு. இங்கிலாந்தில் நீல் டென்னன்ட், கிறிஸ் லோ என்னும் இருவர் 1981இல் லண்டனில் சந்தித்து, பெட் ஷாப் பாய்ஸ் என்ற பெயரில் 1986 முதல் ஆல்பங்களை வெளியிட்டு வருகிறார்கள். டென்னன்ட் முன்னால் நின்று பாடுகிறார்; லோ மின்னணு விசைப்பலகைக்குப் பின்னே அசைவின்றி, சிரிப்பின்றி நிற்கிறார். பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி அவர்களையும் விடவில்லை. ஆயினும் பாட்டுகள் இருவர் பெயராலேயே வெளியாகின்றன. இருவரும் இன்றுவரை பிரியவில்லை. ஆகவே அங்கே விமர்சகர்கள் சேர்ந்த ஒலியைச் சேர்ந்த ஒலியாகவே ஆராய்ந்து எழுதக் கற்றுக்கொண்டார்கள். நாம் இன்னும் கற்கவில்லை. திரையிசையைப் பற்றித் தமிழில் வெளியாகும் கட்டுரைகளில் பத்தில் ஒன்பது பாட்டின் வரிகளைப் பற்றியவை. மிஞ்சியது ராகத்தின் பெயர் சொல்வது. இடையிசையில் எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைகிறது, ஏன் அங்கே நுழைகிறது, எங்கே மௌனமாகிறது என்று எழுதும் விமர்சனம் நமக்கு வேண்டும். சிவகாசிக் காலண்டரில் நடிகர்களின் படங்களைத் தேடி வாங்கிய தலைமுறைக்கு வாத்தியக்காரரின் முகம் கிட்டாமற் போனது அச்சகத்தின் குற்றமன்று. கேட்கும் தொழிலை மேற்கொண்ட நாம் அவருடைய பெயரைச் சொல்லாததே குற்றம்.

2012 ஆகஸ்டில் தமிழக அரசு இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தித் திரையிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை இருவருக்கும் சமமாக வழங்கியது. அந்த ஒரு நாளில் அரசு விமர்சகர்களைவிட நியாயமாக நடந்துகொண்டது. மறு ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தியும், 2015 ஜூலையில் விஸ்வநாதனும் காலமானார்கள். அதற்கு முன்பே, 1995இல், எங்கிருந்தோ வந்தான் என்ற படத்துக்காக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள் என்பதைச் சிலர் என் கட்சிக்கு எதிராக எடுத்துக்காட்டுவதுண்டு: சேர்ந்தும் பழைய மகிமை திரும்பவில்லையே என்று. திரும்பாததற்குக் காரணம் வெளிப்படை. 1962இல் ஒரு கூடத்தில் எல்லா வாத்தியக்காரர்களும் ஒருசேர அமர, பாடகர் அவர்களோடு நின்று பாட, ஒரே மூச்சில் பாட்டு பதிவாயிற்று. வயலின்காரர்களுக்கு நடுவே ஒரு வயலின்காரர் நின்று, எவர் எந்த ஸ்வரத்தில் எத்தனை அழுத்தம் தர வேண்டுமென்று அங்கேயே திருத்த முடிந்தது. 1995இல் குரலைத் தனியே, தாளத்தைத் தனியே, தந்தியைத் தனியே பதிந்து பின்னர் ஒட்டும் முறை நிலைபெற்று, வயலின் கூட்டத்தின் இடத்தில் பல நேரம் ஒரு விசைப்பலகையே வந்து அமர்ந்துவிட்டது. விஸ்வநாதனின் ஆர்மோனியத்துக்கு அந்தக் கூடத்திலும் வேலை இருந்தது. ராமமூர்த்தியின் கலைக்கு அங்கே கருவிகளே இல்லை.